சின்ன கேமராவுக்குச் சின்ன லென்ஸ்: ஓஎம்-1 வாங்கியவர் அடுத்து எதை வாங்கலாம்?

1972-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் ஒலிம்பஸ் நிறுவனம் எம்-1 என்ற பெயரில் ஒரு எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும்) கேமராவைக் காட்சிக்கு வைத்தது. எம் என்ற எழுத்து எங்களுக்கு உரியது என்று லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம் ஆட்சேபம் தெரிவிக்க, அடுத்த ஆண்டே அது ஓஎம்-1 ஆகிவிட்டது. பெயர் போகட்டும், பார்த்தவர்களை நிற்க வைத்தது அதன் உருவம்தான். அகலம் 136 மி.மீ., உயரம் 83, தடிமன் 50. எடை 510 கிராம் அளவில். அந்தக் காலத்துத் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் சுமந்த நிக்கான் எஃப்2, லென்ஸ் மாட்டாமலே 700 கிராமைத் தாண்டும்.

இதை வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. எஸ்எல்ஆர் கேமராவுக்கு மூன்று குற்றங்கள் உண்டு என்பது அவர் கணக்கு: பெரிதாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, சத்தமும் அதிர்வும் அதிகம். இளம் வயதிலேயே லைக்காவில் கை பழகியவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் உள்கண்ணாடி (மிரர்) மேலெழும்பும்போது உண்டாகும் அதிர்வைத் தணிக்க, காற்றை அமுக்கி வேகத்தைக் குறைக்கும் ஒரு சின்ன அமைப்பை வைத்தார். ஷட்டர் வேகத்தை மாற்றும் திருகை மேல்தட்டிலிருந்து எடுத்து, லென்ஸ் மாட்டும் வாயைச் சுற்றி வளையமாகப் போட்டார். வழக்கமாக மேலே உட்காரும் இயந்திரப் பாகங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் போனதால், உயரத்தில் சில மில்லிமீட்டர் மிச்சமாயிற்று. அதோடு நிற்காமல், இந்த உடலுக்கேற்ற அளவில் ஒரு லென்ஸ் வரிசையும் கூடவே வந்தது.

இன்று பழைய பிலிம் கேமரா தேடுபவர்களில் பலர் ஓஎம்-1 பக்கம் வருவது இந்தச் சிறிய உருவத்துக்காகத்தான். பிரச்சினை அதற்கு அப்புறம் தொடங்குகிறது. உடல் கைக்கு வந்ததும், டிஜிட்டல் காலத்துப் பழக்கத்தில் 'இருப்பதிலேயே வெளிச்சமான லென்ஸ் எது' என்று தேட ஆரம்பிக்கிறார்கள். அதே ஒலிம்பஸ் வரிசையில் 100 மி.மீ. எஃப்/2 என்று ஒரு லென்ஸ் உண்டு (எஃப்-க்குப் பின்னால் வரும் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம்). அருமையான லென்ஸ், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் எடை 520 கிராம். கேமராவைவிட லென்ஸ் கனம். மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் கேமரா மூக்கைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டே வரும். அதே 100 மி.மீ.யில் எஃப்/2.8 லென்ஸ் 230 கிராம்தான். ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சத்துக்கு 290 கிராம் விலை.

எல்லா இடத்திலும் வெளிச்சத்துக்கு இதே விலையா என்றால், இல்லை. சில குவியத் தூரங்களில் (50, 100 என்று லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. அளவு) அது கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது. சிலவற்றில் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்கிறார்கள். சின்ன கேமராவுக்கு லென்ஸ் பார்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எங்கே மலிவு, எங்கே கொள்ளை என்பதைத்தான்.

லென்ஸ் ஏன் பெருக்கிறது

எஃப் எண் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், முன்பக்கமிருந்து பார்க்கையில் தெரியும் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 என்றால் சுமார் 28 மி.மீ. 100 மி.மீ. எஃப்/2.8 என்றால் 36. அதுவே 100 எஃப்/2 என்றால் 50 மி.மீ. தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் முன்னால் இருக்கும் கண்ணாடி வில்லை குறைந்தபட்சம் இந்த அளவாவது இருந்தாக வேண்டும். எந்த வடிவமைப்பாளராலும் இதில் பேரம் பேச முடியாது.

இதை வைத்துக்கொண்டு ஓஎம் வரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அந்த வரிசையில் நிறைய லென்ஸ்கள் ஒரே 49 மி.மீ. ஃபில்டர் அளவை (ஃபில்டர் திருகும் முனை வளையத்தின் விட்டம்) பகிர்ந்துகொள்கின்றன: 21 எஃப்/3.5, 24 எஃப்/2.8, 28 எஃப்/3.5, 35 எஃப்/2.8, 50 எஃப்/1.8, 85 எஃப்/2, 100 எஃப்/2.8, 135 எஃப்/3.5. 21 முதல் 135 வரை ஒரே மூடி, ஒரே மஞ்சள் ஃபில்டர். மற்ற நிறுவனங்களின் பட்டியலில் வழக்கமாக எஃப்/2.8 இருக்கும் இடத்தில் ஒலிம்பஸ் எஃப்/3.5 என்று ஒன்றை வைத்திருப்பது ஏன் என்று கேட்டால், பதில் அந்த 49-இல் இருக்கிறது. 135-ஐ 3.5-ஆல் வகுத்தால் 39 மி.மீ., வளையத்துக்குள் தாராளமாக உட்காரும். 2.8-ஆல் வகுத்தால் 48, வளையத்தின் உலோகத்துக்கே இடம் இல்லை. அதனால்தான் 135 எஃப்/2.8 லென்ஸ் 55 மி.மீ. ஃபில்டருக்குப் போய்விட்டது, எடையும் 290-லிருந்து 360 கிராமுக்கு ஏறியது. 200 மி.மீ.யிலும் இதே கதை. எஃப்/4 லென்ஸ் 55 மி.மீ. வளையத்தோடு 510 கிராம். எஃப்/5 லென்ஸ் 49 மி.மீ. வளையத்தோடு 380 கிராம். எஃப்/5 என்ற எண்ணைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுளிப்புக்கு விலை 130 கிராம்.

இரண்டாவது காரணம் கேமராவுக்குள் இருக்கிறது. எஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் போய்வர வேண்டும். அதற்கு இடம் விட்டு, ஓஎம் கேமராவில் லென்ஸ் மாட்டும் முகப்பு பிலிமிலிருந்து 46 மி.மீ. தள்ளி இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸுக்கு இது தொந்தரவே இல்லை, எளிமையான சமச்சீர் அமைப்பே போதும். ஆனால் 28 மி.மீ. லென்ஸ் எளிய அமைப்பில் செய்தால் பிலிமுக்கு 28 மி.மீ. பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும். அங்கே கண்ணாடி அடிக்கும். எனவே முன்னால் ஒரு குழி லென்ஸ் தொகுதியைப் போட்டு, ஒளியை முதலில் விரித்து, பிறகு குவித்து, பின்பக்கம் கூடுதல் இடம் கிடைக்கும்படி செய்கிறார்கள். பிரான்ஸின் பியர் ஆன்ஜெனியூ 1950-இல் 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்து ரெட்ரோஃபோக்கஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயரே இந்த வகைக்கு நிலைத்துவிட்டது.

இதன் விளைவு என்னவென்றால், எஸ்எல்ஆருக்கான வைட் (அகலக் கோணம் பிடிக்கும்) லென்ஸ் இயல்பிலேயே கொஞ்சம் பருமனானது. உள்ளே அடுக்கும் கண்ணாடி வில்லைகளின் எண்ணிக்கையும் கூடும். அதிலும் எஃப்/2 அளவுக்கு வெளிச்சம் கேட்டால் முன்பக்கத் தொகுதி ஊதிக்கொண்டே போகும். ஓஎம் 35 எஃப்/2.8 லென்ஸ் 180 கிராம், நீளம் 33 மி.மீ. அதன் அண்ணன் 35 எஃப்/2 லென்ஸ் 240 கிராம், 42 மி.மீ., ஃபில்டரும் 55.

டெலி பக்கம் நேர்எதிர். அங்கே பின்பக்கம் ஒரு குழித் தொகுதியை வைத்து லென்ஸை அதன் குவியத் தூரத்தைவிடக் குட்டையாக்கலாம். 100 எஃப்/2.8 லென்ஸின் நீளம் 48 மி.மீ. அதோடு கேமராவின் 46-ஐக் கூட்டினால் லென்ஸின் முனையிலிருந்து பிலிம் வரை 94 மி.மீ. நூறு என்று பெயர் வைத்துக்கொண்டு நூறுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஐம்பதில் தாராளம்

இப்போது கணக்கு எளிது. 50 மி.மீ.யில் ரெட்ரோஃபோக்கஸ் சுமை இல்லை. எஃப்/1.8-க்குத் துவாரம் வெறும் 28 மி.மீ. ஆறு கண்ணாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. ஓஎம் 50 எஃப்/1.8 லென்ஸின் எடை 170 கிராம், நீளம் 31 மி.மீ. வரிசையிலேயே மிக இலேசானவற்றில் ஒன்று, கூடவே மிகவும் வெளிச்சமானவற்றிலும் ஒன்று. வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கும் இடம் என்று சொன்னேனே, அது இதுதான். கேமராவோடு சேர்ந்தே வரும், தனியாக வாங்கினாலும் மலிவு. மலிவாக இருப்பதால் இதைக் கழற்றி வைத்துவிட்டு 'நல்ல' லென்ஸ் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

50 எஃப்/1.4 வாங்கலாமா? 230 கிராம். 60 கிராம் கூடுதலுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப். ஃபில்டரும் அதே 49. வாங்கினால் தப்பில்லை, வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை. இதைவிட யோசிக்க வேண்டியது 50 எஃப்/3.5 மேக்ரோ. 200 கிராம், 40 மி.மீ. நீளம். 23 செ.மீ. வரை நெருங்கிப் போகலாம், பொருளின் பாதி அளவு பிலிமில் விழும். செடி கொடி, பழைய நாணயம், கடிதம் என்று எடுப்பவர் இதையே தன் ஒரே ஐம்பதாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் மாலை நேரத்தில் மட்டும் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ஐஎஸ்ஓ 400 பிலிமில், சாதாரண வீட்டு விளக்கு வெளிச்சத்தில், எஃப்/1.8-க்கு 1/30 நொடி கிடைக்கும் இடத்தில் எஃப்/3.5-க்கு 1/8 நொடிதான் கிடைக்கும். 1/8-இல் குழந்தையை எடுத்தால் குழந்தை இருந்த இடம்தான் பதிவாகும்.

ஐம்பதை மாட்டிய ஓஎம்-1-ஐக் கையில் எடுத்துப் பார்த்தால் மைதானி என்ன நினைத்தார் என்பது புரியும். இடது உள்ளங்கையில் கேமராவின் அடிப்பாகம் உட்காருகிறது. உடலை ஒட்டியிருக்கும் முதல் வளையம் ஷட்டர் வேகம், அதில் விரல் பிடிக்க இரண்டு புடைப்புகள். அடுத்தது ஃபோக்கஸ். கடைசியில், லென்ஸின் முனையில், துவாரத்தின் அளவை மாற்றும் அப்பர்ச்சர். மூன்றும் ஒரே கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் எட்டும் தூரம், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவே வேண்டாம். அப்பர்ச்சர் வளையத்தை முனைக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. பென்டாக்ஸ், நிக்கான் லென்ஸ்களில் இருப்பதுபோல அது உடலை ஒட்டி இருந்தால், ஷட்டர் வளையத்தோடு முட்டிக்கொள்ளும். லென்ஸைக் கழற்றும் பொத்தானும், துவாரத்தை மூடி, எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்று பார்க்கும் பொத்தானும்கூட உடலில் இல்லாமல் லென்ஸிலேயே இருக்கின்றன. இவ்வளவையும் 31 மி.மீ.க்குள் அடைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் குட்டையாக்கினால் விரலுக்கு இடம் இருக்காது என்பது என் கருத்து. அடுத்த விஷயம் அதைப் பற்றியதுதான்.

பேன்கேக் மோகம்

தட்டையான லென்ஸ்களுக்குப் பேன்கேக் என்று பெயர். பழைய எஸ்எல்ஆர் உலகில் இதற்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. இவை பெரும்பாலும் 40 முதல் 45 மி.மீ.க்குள் இருப்பது தற்செயல் இல்லை. லென்ஸ் முகப்பு பிலிமிலிருந்து 45, 46 மி.மீ. தள்ளி இருக்கும் கேமராவில், ரெட்ரோஃபோக்கஸ் வித்தை இல்லாமல் செய்யக்கூடிய லென்ஸின் கீழ் எல்லை ஏறக்குறைய அங்கேதான் வருகிறது. எஃப்/2.8 போதும் என்றால், 1902-இல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கிய டெஸ்ஸார் அமைப்பே போதும்: நாலே நாலு கண்ணாடி. கான்டாக்ஸ் கேமராக்களுக்காக வந்த 45 எஃப்/2.8 டெஸ்ஸாரும், நிக்கானின் 45 எஃப்/2.8 ஜிஎன் லென்ஸும் இந்த வகை. பென்டாக்ஸின் 40 எஃப்/2.8 ஐந்து கண்ணாடி. கோனிக்காவின் 40 எஃப்/1.8 கொஞ்சம் தடிமன், ஆனால் அந்த வெளிச்சத்துக்கு அது சின்னதுதான்.

ஒலிம்பஸ் இந்த ஆட்டத்துக்கு 1980-களில்தான் வந்தது, 40 எஃப்/2 லென்ஸோடு. 140 கிராம், 25 மி.மீ. நீளம். அப்போது அதிகம் விற்கவில்லை. குறைவாக விற்றதாலேயே இன்று அரிதாகி, சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், விலை 50 எஃப்/1.8-ஐவிடப் பல மடங்கில் நிற்கிறது.

அளவை மட்டும் பார்ப்போம். கேமராவின் தடிமன் 50 மி.மீ. அதில் ஐம்பதை மாட்டினால் 81. நாற்பதை மாட்டினால் 75. ஆறு மில்லிமீட்டர், முப்பது கிராம். இரண்டுமே சட்டைப்பைக்குள் போகாது, இரண்டுமே ஒரு சின்னத் தோள்பையில் ஒரே மாதிரி உட்காரும். காரணம், மேலே புடைத்திருக்கும் பென்டாப்ரிஸம் (வியூஃபைண்டரின் கண்ணாடிப் பட்டகம்) எந்த லென்ஸைப் போட்டாலும் அதே 83 மி.மீ. உயரத்தில்தான் இருக்கும். எஸ்எல்ஆரின் உருவத்தைத் தீர்மானிப்பது பாதி அந்த ப்ரிஸமும் கண்ணாடிப் பெட்டியும். லென்ஸை அப்பளமாகத் தட்டினாலும் அவை தட்டையாகாது. உண்மையாகவே பைக்குள் போகிற கேமரா வேண்டுமென்றால் அதே மைதானி 1979-இல் செய்த எக்ஸ்ஏ இருக்கிறது. 35 எஃப்/2.8 லென்ஸ் உள்ளேயே பொருத்தி, மொத்தமே 225 கிராம்.

இவ்வளவு சொன்னாலும், 40 என்ற கோணத்தைப் பிடித்து வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பதைவிடக் கொஞ்சம் அகலம், முப்பத்தைந்தைவிடக் கொஞ்சம் நெருக்கம், ஒரே லென்ஸோடு ஊர் சுற்ற நல்ல அளவு. கோணத்துக்காக வாங்குங்கள். சின்னது என்பதற்காக அந்த விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. சின்னதுதான் வேண்டும் என்றால் அதே பணத்தில் ஐம்பதும் இருபத்தெட்டும் நூறும் சேர்ந்தே வந்துவிடும்.

வைடில் சிக்கனம்

இருபத்தெட்டில் ஓஎம் வரிசை மூன்று தேர்வுகளைத் தருகிறது. எஃப்/3.5, எஃப்/2.8, எஃப்/2. முதல் இரண்டும் 31, 32 மி.மீ. நீளம், 180, 170 கிராம், சொல்லப்போனால் எஃப்/2.8-தான் ஒரு பத்து கிராம் இலேசு. எஃப்/2 லென்ஸ் 43 மி.மீ. நீளம், 250 கிராம்.

என் ஓட்டு எஃப்/3.5-க்கு. மலிவாகக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வைட் லென்ஸை நாம் பயன்படுத்தும் விதம். பகல் வெளிச்சத்தில் தெருவில் எஃப்/8-இல் வைத்துவிட்டு, ஃபோக்கஸ் வளையத்தை மூன்றேகால் மீட்டர் அளவில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம் வரை எல்லாம் தெளிவு. அப்புறம் ஃபோக்கஸைத் தொடவே வேண்டாம். எஃப்/2-இல் திறந்து எடுக்க வேண்டிய கட்டாயம் வைடில் அரிது. இரவில் எடுப்பவர் என்றாலும், 28 மி.மீ.யில் 1/30 நொடியைக் கையில் பிடித்தே எடுக்கலாம், மூச்சை அடக்கினால் 1/15-கூட வரும். வைடில் கை நடுக்கம் குறைவாகத்தான் தெரியும். வெளிச்சமில்லாத லென்ஸின் குறை அங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. எஸ்எல்ஆரில் நாம் பார்ப்பதே லென்ஸ் வழியாகத்தான். எஃப்/3.5 லென்ஸ் மாட்டினால் வியூஃபைண்டரும் அந்த அளவுக்கு மங்கும். நடுவிலிருக்கும், ஃபோக்கஸ் பார்க்க உதவும் பிளவுவட்டம், கண்ணைச் சரியாக நடுவில் வைக்காவிட்டால், ஒரு பாதி கருத்துப்போகும். எஃப்/5.6 அளவுக்குப் போனால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், எஃப்/5 டெலியின் உண்மையான சங்கடமும் இதுதான். ஓஎம்-1-க்கு இதில் ஒரு சாதகம், அதன் வியூஃபைண்டர் பெரிது: ஐம்பது மாட்டினால் 0.92 மடங்கு, பிலிமில் விழுவதில் 97 சதவீதம் தெரியும். மங்கினாலும் பார்க்கப் பரப்பு நிறைய இருக்கிறது. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் மட்டும் வாங்கும் முன் ஒருமுறை கடையிலேயே மாட்டிப் பார்ப்பது நல்லது.

21 எஃப்/3.5 பற்றி ஒரு வரி. அவ்வளவு அகலமான கோணத்தை 31 மி.மீ. நீளத்திலும் 49 மி.மீ. வளையத்திலும் அடக்கியது பெரிய கெட்டிக்காரத்தனம். விலையும் அதற்கேற்ப. 24 எஃப்/2.8 எட்டுக் கண்ணாடியோடு அதே நீளத்தில் வருகிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

டெலியில் நூறு

நீளமான பக்கத்தில் எனக்குப் பிடித்தது 100 எஃப்/2.8. ஐந்து கண்ணாடி, 230 கிராம், 48 மி.மீ. ஓஎம்-1-இல் மாட்டினால் மொத்த ஆழம் பத்து செ.மீ.க்குள். 85 எஃப்/2 லென்ஸும் ஏறக்குறைய இதே உருவம்தான், எடை 260 கிராம். முகங்களை அரையிருட்டில் எடுப்பவருக்கு அந்தக் கூடுதல் ஸ்டாப் பயன்படும். டெலியில் வெளிச்சத்துக்கு மதிப்பு அதிகம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். குவியத் தூரம் எத்தனையோ, அத்தனையில் ஒரு பங்கு நொடிக்குமேல் ஷட்டர் திறந்திருக்கக் கூடாது என்பது பழைய விதி. அதன்படி 100 மி.மீ.க்கு ஓஎம்-1-இல் 1/125 வேண்டும். மேகம் மூடிய மாலையில் எஃப்/2.8-உம் ஐஎஸ்ஓ 400-உம் அதைச் சமாளித்துவிடும், வீட்டுக்குள் சமாளிக்காது. வீட்டுக்குள் ஐம்பதை மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் போய் நின்றால் தீர்ந்தது.

28, 50, 100 என்ற மூன்றையும் சேர்த்தால் 580 கிராம். கேமராவோடு ஒரு கிலோ தொண்ணூறு கிராம். இன்றைய டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் பலர் வைத்திருக்கும் கேனன் 24-70 எஃப்/2.8 ஜூமின் இரண்டாம் பதிப்பு, அது மட்டுமே 805 கிராம். பழைய ஜூம்களும் இந்தக் கணக்கில் தேறாது: ஓஎம் 75-150 எஃப்/4, ஃபில்டர் 49-தான் என்றாலும், 440 கிராம். நூறும் ஐம்பதும் சேர்ந்தாலே அதைவிடக் கனம் குறைவு.

பென்டாக்ஸ் வீட்டில்

1976-இல் பென்டாக்ஸ் எம்எக்ஸ் வந்தபோது அதன் அளவு 135.5, 82.5, 49.5 மி.மீ. ஓஎம்-1-ஐவிட எல்லாப் பக்கமும் சரியாக அரை மில்லிமீட்டர் குறைவு. எதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கூடவே வந்த எம் வரிசை லென்ஸ்களும் அதே போட்டியில் பிறந்தவை, இவற்றிலும் 49 மி.மீ. ஃபில்டரே பிரதானம். 28 எஃப்/2.8 வெறும் 156 கிராம், 50 எஃப்/1.7 185 கிராம், 100 எஃப்/2.8 225 கிராம். ஒலிம்பஸ் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஒரு தோசை எடை வித்தியாசம்கூட வராது.

புகழ்பெற்ற 40 எஃப்/2.8 பேன்கேக்கின் நீளம் 18 மி.மீ., எடை 110 கிராம். கையில் எடுத்தால் மூடி மட்டும் மாட்டியிருப்பதுபோல இருக்கும். ஆனால் அதன் ஃபோக்கஸ் வளையம் ஒரு மெல்லிய கீற்று. பக்கத்திலேயே அப்பர்ச்சர் வளையம். ஒன்றைத் திருப்பப் போய் இன்னொன்றைத் திருப்பாமல் இருப்பதற்குக் கொஞ்ச நாள் பழக வேண்டும்.

பென்டாக்ஸில் ஒரு வசதி, 1975-இல் வந்த அந்த கே மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாயின் அமைப்பு) இன்னும் உயிரோடு இருக்கிறது. 1997-இல் வந்த 43 எஃப்/1.9 லிமிடெட் லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் உண்டு. 155 கிராம், 27 மி.மீ. அதை எம்எக்ஸிலோ எம்இ சூப்பரிலோ நேரடியாக மாட்டலாம். ஓஎம்-காரருக்கு இந்த வழி அடைபட்டது. 2002-இல் ஒலிம்பஸ் ஓஎம் உற்பத்தியை முடித்துக்கொண்டது, எனவே கிடைப்பதெல்லாம் பழையதுதான்.

பழையதை எப்படிப் பார்த்து வாங்குவது

ஒலிம்பஸ் தன் லென்ஸ்களுக்கு வைத்த பெயர் ஸுய்கோ. பழைய ஓஎம் லென்ஸ்களின் முகப்பில் எஃப். ஸுய்கோ, ஜி. ஸுய்கோ, ஈ. ஸுய்கோ என்று முன்னால் ஓர் எழுத்து இருக்கும். அது உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் எண்ணிக்கை: ஈ என்றால் ஐந்து, எஃப் ஆறு, ஜி ஏழு, எச் எட்டு. இந்த எழுத்துள்ளவை பெரும்பாலும் முந்தைய தயாரிப்பு, ஒளி திரும்புவதைக் குறைக்கும் பூச்சு ஒற்றை அடுக்காக உள்ளவை. பின்னால் வந்தவற்றில் பல அடுக்குப் பூச்சைக் குறிக்கும் எம்சி இருக்கும், அல்லது இரண்டு குறியும் இல்லாமல் வரும்.

பூச்சு எங்கே முக்கியம்? பூச்சே இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். ஒற்றைப் பூச்சு அதை ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைக்கும், பல அடுக்குப் பூச்சு இன்னும் குறைக்கும். ஐந்து கண்ணாடி உள்ள நூறில் இந்த வித்தியாசம் சின்னது. ஏழெட்டுக் கண்ணாடி உள்ள வைடில், அதுவும் சட்டத்துக்குள் சூரியனே வந்து நிற்கும் வாய்ப்புள்ள இடத்தில், சாயம் போன மாதிரி படம் வெளுத்துப்போகும். ஆகவே எம்சி-க்குக் கூடுதல் காசு கொடுப்பதென்றால் வைடுக்குக் கொடுங்கள், டெலிக்கு வெயிலை மறைக்கும் ஒரு ஹூட் வாங்கினால் போதும்.

அப்புறம் பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் இருந்த லென்ஸ் என்றால் இதுதான் முதல் கேள்வி. லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கம் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ சிலந்தி நூல்போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. புகைபோலச் சீராகப் படர்ந்திருந்தால் உள்ளே எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. தூசி நாலைந்து இருப்பது படத்தில் தெரியவே தெரியாது, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், வாங்காமல் விட வேண்டாம். வாங்கிய பின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40, 50 சதவீத அளவில் இருக்கும்படி வையுங்கள். தோல் உறைக்குள் மூடி பீரோவில் வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

அடுத்து துவாரத்தின் இலைகள். லென்ஸைக் கேமராவில் மாட்டி, எஃப்/16-இல் வைத்து, முன்பக்கமிருந்து பார்த்தபடி லென்ஸில் உள்ள ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். இலைகள் படக்கென்று மூட வேண்டும், விட்டதும் படக்கென்று திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் இலைகளில் எண்ணெய் ஏறியிருக்கிறது. வெயிலில் எடுக்கும் படமெல்லாம் வெளிச்சம் மிஞ்சிப்போகும், ரோல் கழுவி வரும்வரை தெரியாது.

வாங்கும் வரிசை என்று கேட்டால்: கேமராவோடு வந்த ஐம்பதோடு சில ரோல்கள் எடுங்கள். கான்டாக்ட் ஷீட்டை (ரோலின் படங்களெல்லாம் சின்னதாக ஒரே தாளில்) பார்த்தால் சுவரில் முதுகு இடிக்கப் பின்வாங்கிக்கொண்டே இருந்தீர்களா, கிட்டே போக முடியாமல் தவித்தீர்களா என்பது தெரிந்துவிடும். முதலாவது என்றால் 28 எஃப்/3.5, இரண்டாவது என்றால் 100 எஃப்/2.8. நூறு கிடைக்கவில்லை, அல்லது விலை ஒத்துவரவில்லை என்றால் 135 எஃப்/3.5-ஐக் கேளுங்கள். இன்றைக்கு யாரும் சீண்டாத அளவு என்பதால் பல இடங்களில் பாதி விலைக்கே தள்ளிவிடுவார்கள். இழுத்தால் வெளியே வரும் ஹூட் அதிலேயே இருக்கிறது, அது தளர்ந்து தானாக ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.